ஜப்பானில் கார்களும் என் கேமராவும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "ஜப்பான்ல பதினைஞ்சு வருஷம் இருந்திருக்கீங்க, தரக் கட்டுப்பாடு, கைசன், இந்த மாதிரி ஏதாவது பசங்களுக்குப் பிரயோஜனமா பேசுங்களேன்" என்றார். "சார், நான் கார் பத்திப் பேசறேன்" என்றேன். "கார் தயாரிப்பா? ரொம்ப சந்தோஷம்." "இல்லை சார், காரைக் குறுக்குவாட்டில் ஓட்டுவது பற்றி." போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, இருபது நிமிஷத்துக்கு மேல போகாம பாத்துக்குங்க" என்றார். அவர் பெருந்தன்மைக்கு முதல் நன்றி.

கைசன் பற்றி நம் நூலகத்திலேயே அரை அலமாரிக்குப் புத்தகம் இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்த அலமாரியில் இல்லை.

நான் இங்கே மெக்கானிக்கல் படித்தவன். அந்தக் காலத்தில் போட்டோகிராபி கிளப்புக்கு இருந்தது ஒரே ஒரு யாஷிகா கேமரா. அதை வாங்க கையெழுத்துப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அதை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வோம், ஆளுக்கு ஆறு. அப்படிப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. 2004-இல் வேலைக்காக ஜப்பான் போனேன். கார் உதிரிபாகங்கள் வடிவமைக்கும் அலுவலகம், கனகாவா மாகாணத்தில். 2019 வரை அங்கேதான். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், இரண்டு நாள் கேமரா. இதுதான் என் ஜாதகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான் என்றதும் சினிமாவில் பார்த்த மாதிரி தெருவெல்லாம் கார்கள் புகை கக்கிக்கொண்டு சுழலும் என்று யாராவது நினைத்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அவ்வளவு சாதுவாக வண்டி ஓட்டுகிற ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கே கார் வாங்க வேண்டும் என்றால், பெரும்பாலான ஊர்களில், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். படம் வரைந்து கொடுக்கணும். நம்ம ஊரில் இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதிப் பேர் சைக்கிளுக்குத் திரும்பிவிடுவோம்!

அதற்கு மேல் "ஷாகென்" என்று ஒரு சோதனை. புது வண்டிக்கு மூன்று வருடம் கழித்து, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக், விளக்கு, புகை, சத்தம், எல்லாம் பார்ப்பார்கள். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் பர்ஸ் இளைத்துவிடும். வண்டி பழசாக ஆக, "பேசாமல் புதுசே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். ஆகவே அங்கே ஒருவர் பழைய காரை விடாமல் வைத்திருக்கிறார் என்றால், அது சிக்கனத்தால் இல்லை. பிரியத்தால்.

சின்ன வண்டிகள் பற்றி ஒரு வார்த்தை. "கேய்" என்ற வகை. மஞ்சள் நம்பர் பிளேட். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சி.சி., அதற்கு மேல் போகக்கூடாது. இந்த வகைக்கும் நமக்கும் சொந்தம் உண்டு. 1983 டிசம்பரில் நம் சாலைகளுக்கு வந்த மாருதி 800 சுஸுகியின் இந்தக் குட்டிக்கார் பரம்பரையில் வந்ததுதான். நாம் ஏழு பேர் ஏறி, மேலே கேரியரில் மூட்டை கட்டி திருப்பதி போன வண்டியின் அண்ணன் தம்பிகளில், அங்கே ஒரு பாட்டி தனியாக முள்ளங்கி வாங்கப் போகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிரிஃப்ட் என்பது என்ன?

மாணவர்கள் இருப்பதால் கொஞ்சம் மெக்கானிக்ஸ் சொல்கிறேன், பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஒரு டயருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற பிடிமானத்தை ஒரு பர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஒரே தொகை. வண்டியை முன்னே தள்ளவும் அதிலிருந்துதான் செலவு, வளைவில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளவும் அதிலிருந்துதான் செலவு. பின்சக்கர இயக்கம் உள்ள வண்டியில், வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தி பின்சக்கரத்தைச் சுழல விட்டால், பர்ஸ் முழுக்க அதிலேயே காலி. பக்கவாட்டுக்குப் பைசா இல்லை. வால் வெளியே போகும். இது விபத்து. இப்படி வெளியே போகிற வாலை, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்து, நினைத்த கோணத்தில், நினைத்த தூரத்துக்கு நிறுத்தி வைத்தால் அது டிரிஃப்ட்.

வாலை வெளியே தள்ள வழிகள் பல. ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுக்கலாம். கிளட்சை ஒரு உதை உதைத்துவிடலாம். வளைவுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டி, வண்டியின் எடை திரும்பி வரும்போது அதோடு போகலாம். இதெல்லாம் சரிவர நடக்க டிஃபரென்ஷியல் ஒத்துழைக்க வேண்டும். நம் ஆட்டோமொபைல் லேபில் வெட்டி வைத்திருக்கும் டிஃபரென்ஷியல் மாடல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்தால் இன்னொன்று சுற்றுமே, அதுதான் இங்கே தொல்லை. பாரம் இல்லாத உள்சக்கரம் சும்மா சுற்றும், வெளிச்சக்கரத்துக்கு ஓட்டம் போகாது. அதனால் இரண்டும் சேர்ந்து சுழலும்படி பூட்டுகிற டிஃபரென்ஷியல் போடுவார்கள். காசில்லாத பையன்கள் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை வெல்டு வைத்தே ஒட்டிவிடுவார்கள். லேபில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், எச்.ஓ.டி. என்னைத்தான் கேட்பார்.

"இப்படிப் போனால் சீக்கிரம் போகலாமா?" என்று கேட்பீர்கள். தார்ச்சாலையில், இன்றைய டயர்களோடு, போக முடியாது. ஒழுங்காகக் கோடு பிடித்து வளைவில் போகிறவன்தான் முந்துவான். எனவே டிரிஃப்ட் என்பது பந்தயம் அல்ல. நடுவர்கள் பார்த்து மார்க் போடுகிற கலை. எந்த வேகத்தில் நுழைந்தான், எவ்வளவு கோணம், குறித்த கோட்டில் போனானா என்று பார்ப்பார்கள். தனியாக ஓடுவது "தான்ஸோ". இரண்டு வண்டி ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுவது "சுய்ஸோ". முன்னால் போகிறவர் எதைச் செய்கிறாரோ அதைப் பின்னால் வருகிறவர், கதவுக்குக் கதவு ஒரு கை இடைவெளியில், புகைக்குள்ளே கண் தெரியாமல் செய்ய வேண்டும். முதல் தடவை பார்த்தபோது நான் ஷட்டரை அழுத்தவே மறந்துவிட்டேன்.

இது எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு நல்ல குரு-சிஷ்யக் கதை இருக்கிறது. குனிமித்ஸு தகாஹாஷி என்று ஒருவர். 1961-இல் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் மேற்கு ஜெர்மனி கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்று, அப்படி வென்ற முதல் ஜப்பானியர் என்று பெயர் வாங்கியவர். பிறகு கார் பந்தயத்துக்கு வந்தார். அந்தக் காலத்து டயர்களின் பிடிமானம் குறைவு. அவர் வளைவுக்குள் வண்டியைச் சறுக்கவிட்டே நுழைந்து, வேகம் குறையாமல் வெளியே வருவார். பார்க்க அவ்வளவு அழகு. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் கெய்இச்சி த்ஸுச்சியா. 1956-இல் பிறந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. மலைப்பாதைகளில் ராத்திரி ஓட்டிப் பழகினார். 1987-இல் அவர் மலைப்பாதையில் ஓட்டுவதைப் படமெடுத்து ஒரு வீடியோ வெளியாயிற்று. அது கை மாறிக் கை மாறி நாடு முழுக்கப் போய், ஒரு தலைமுறையையே கெடுத்தது என்றும் சொல்லலாம், உருவாக்கியது என்றும் சொல்லலாம். அவருக்கு "டிரிஃப்ட் கிங்" என்று பட்டமே வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். 1995-இல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். வண்டி. ஓட்டியவர்கள் மூன்று பேர்: தகாஹாஷி, த்ஸுச்சியா, அகிரா ஈடா. அவர்கள் பிரிவில் முதலிடம். யாரைப் பார்த்து வளைவில் வாலை ஆட்டக் கற்றுக்கொண்டாரோ, அவரோடு ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டி ஜெயித்தார். தகாஹாஷிக்கு அப்போது 55 வயது. முன்வரிசையில் இருக்கும் என் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். நாமும் ஏதாவது சேர்ந்து செய்யலாம் சார், கார் மட்டும் வேண்டாம்.

2000-இல் த்ஸுச்சியாவும், "ஆப்ஷன்" என்ற கார் பத்திரிகையை நடத்திய தைஜிரோ இனடாவும் சேர்ந்து டி1 கிராண்ட் பிரீ என்ற போட்டியை ஆரம்பித்தார்கள். மலையில் திருட்டுத்தனமாக நடந்தது மைதானத்துக்கு வந்தது.

இந்தக் கதையில் கார்களுக்கும் பங்கு உண்டு. டொயோட்டா 1983 முதல் 1987 வரை தயாரித்த ஏ.ஈ.86. ஜப்பானிய மொழியில் எட்டு "ஹாச்சி", ஆறு "ரோகு". எனவே செல்லப் பெயர் "ஹாச்சிரோகு". எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் என்ஜின், பின்சக்கர இயக்கம். சின்னக் கார்களெல்லாம் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் மிச்சமிருந்த பழைய பாணி. பையன்கள் கையில் கிடைத்த விலைக்கு வாங்கினார்கள். ஷுஇச்சி ஷிகெனோ என்பவர் 1995-இல் "இனிஷியல் டி" என்ற படக்கதையைத் தொடங்கினார். தோஃபு கடைக்காரர் மகன், விடியற்காலையில் மலைமேல் தோஃபு கொண்டுபோய்ப் போடுகிறான், கப்பில் இருக்கும் தண்ணீர் தளும்பக்கூடாது என்று அப்பா கட்டளை. அந்தப் பையன் ஓட்டுவது இந்த ஹாச்சிரோகு. கதை 2013 வரை ஓடியது. அந்த வண்டியின் விலை அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

அடுத்தது நிஸான் சில்வியா. எஸ்13 என்ற மாடல் 1988-இல் வந்தது. அழகான வண்டி. காதலியைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி என்று விற்றார்கள். பத்து வருடம் கழித்து அதே வண்டி, பம்பர் கம்பியால் கட்டப்பட்டு, பின்ஸீட்டில் பழைய டயர்கள் அடுக்கப்பட்டு, சர்க்யூட் வாசலில் நிற்கும்.

இப்போது இடங்களுக்கு வருகிறேன். யோகோஹாமாவில் தைகோகு என்று ஒரு பார்க்கிங் ஏரியா. வேகச்சாலைகள் மேலே சுருள் சுருளாகச் சுற்றி இறங்க, நடுவில் குழிக்குள் இருக்கிற மாதிரி ஒரு வண்டி நிறுத்துமிடம். கழிப்பறை, கடை, ஆட்டோமேட்டிக் காபி மெஷின்கள், அவ்வளவுதான். வேகச்சாலை வழியாக வந்தால்தான் உள்ளே நுழைய முடியும், நடந்து வர வழியில்லை. வெள்ளி, சனி ராத்திரிகளில் அங்கே வந்து சேராத கார் இல்லை. லம்போர்கினி பக்கத்தில் நாற்பது வருஷத்து டொயோட்டா நிற்கும். தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்த்தின வண்டி, உடம்பு முழுக்க கார்ட்டூன் பெண் படம் ஒட்டின வண்டி, எல்லாம் வரிசை தப்பாமல் கோட்டுக்குள் நிற்கும். யாரும் ஏற்பாடு செய்வதில்லை, யாருக்கும் பரிசு இல்லை. சொந்தக்காரர் பக்கத்தில் காபி டின்னோடு நின்றுகொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டம் அதிகமானால் போலீஸ் வந்து, "இடத்தை மூடுகிறோம், தயவுசெய்து கிளம்புங்கள்" என்று ஒலிபெருக்கியில் மரியாதையாகச் சொல்லும். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

அங்கே படம் எடுக்க நான் கற்ற முதல் வாக்கியம், "ஷாஷின் தொத்தேமோ ஈ தெஸ் கா?" படம் எடுத்துக்கலாமா என்று அர்த்தம். தலையைக் கொஞ்சம் குனிந்து கேட்டால் இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை. ஆனால் பாதிப் பேர் உடனே ஓடிப்போய் நம்பர் பிளேட்டை மறைப்பார்கள். அதற்கென்றே ஒரு அட்டை வைத்திருப்பார்கள். காரைக் காட்ட ஆசை, தன்னைக் காட்டக் கூச்சம். எடுத்த படத்தை அடுத்த மாதம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் நமக்கு ஆயுள் சிநேகிதர். எனக்கு ஜப்பானிய மொழி வந்தது அலுவலகத்தில் இல்லை, அந்தப் பார்க்கிங்கில்தான். அதனால்தான் என் ஜப்பானிய மொழியில் உதிரிபாகப் பெயர்கள் கொஞ்சம் ஜாஸ்தி.

ஆனால் என் கோயில் வேறு. ஃபுகுஷிமா மாகாணம், நிஹோன்மத்ஸு ஊர், எபிஸு சர்க்யூட். டோக்கியோவிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர். மலைச்சரிவில் ஒன்றுக்குப் பதில் பல ஓடுதளங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தோஹோகு சஃபாரி பார்க் என்ற மிருகக்காட்சிசாலை. காலையில் என்ஜின்கள் ஆரம்பிக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தால் சிங்கம் கத்துவது கேட்கும். அப்புறம் அதற்கு வாய்ப்பில்லை.

அங்கே வருடத்தில் சில முறை "டிரிஃப்ட் மத்ஸுரி" நடக்கும். மத்ஸுரி என்றால் திருவிழா. நிஜமாகவே திருவிழாதான். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். குடும்பத்தோடு வருகிறார்கள். ஒருபக்கம் அடுப்பில் இறைச்சி சுடுகிறார்கள், குழந்தைகள் காதில் சத்தம் அடைக்கும் ஹெட்போனோடு ஓடிப் பிடித்து விளையாடுகின்றன, அப்பா ஜாக்கி போட்டு டயர் மாற்றுகிறார். முன்டயர் நல்லது, பின்டயர் எங்கேயோ பொறுக்கினது. பின்டயர் எப்படியும் ஒரு மணி நேரத்தில் புகையாகப் போய்விடும். சத்தம், புகை, எரிந்த ரப்பர் வாசம். வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் கறுப்புத் துகள் கொட்டும். என் மனைவி அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பார்.

புகைப்படம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்காகக் கொஞ்சம் தொழில் விஷயம். ஓடுகிற காரை 1/1000 வினாடியில் எடுத்தால் சக்கரக் கம்பிகள்கூட எண்ணும்படி தெளிவாக விழும். ஆனால் பார்க்கிறவருக்கு வண்டி நிற்கிற மாதிரி இருக்கும். ஷட்டரை 1/125, 1/60 என்று இறக்கி, வண்டியோடு சேர்ந்து கேமராவையும் இடுப்பிலிருந்து திருப்ப வேண்டும். அப்போது வண்டி தெளிவாக நிற்கும், பின்னணி கோடு கோடாக ஓடும். அங்கே இதற்கு "நகாஷிதோரி" என்று பெயர். சாதாரணப் பந்தயத்தில் இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். டிரிஃப்ட்டில் வராது. ஏன் தெரியுமா? வண்டி முன்னே போய்க்கொண்டே தன்னைத்தானே திருப்பியும் கொள்கிறது. மூக்கு ஒரு வேகத்தில் போகிறது, வால் இன்னொரு வேகத்தில் போகிறது. எந்தப் பக்கமாகக் கேமராவைத் திருப்பினாலும் வண்டி முழுவதும் தெளிவாக விழாது. ஏதோ ஒரு இடம்தான் கிடைக்கும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் ஓட்டுநரின் ஹெல்மெட்டைப் பிடிப்பேன். வால் கலைந்து போனால் போகட்டும்.

இன்னொன்று, முன்சக்கரத்தைப் பாருங்கள். டிரிஃப்ட்டில் வண்டியின் மூக்கு எங்கேயோ பார்க்கும், ஆனால் முன்சக்கரம் ஏறக்குறைய போகிற திசையைத்தான் பார்க்கும். ஓட்டுநரின் முகமும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும், பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்ப்பார். சக்கரமும் முகமும் ஒரே திசையில் இருக்கிற அந்த நொடிதான் படம். புகையை மட்டும் எடுத்தால் அது ஏதோ சமையலறை விபத்து மாதிரி இருக்கும். புகை வேண்டுமென்றால் வெயில் எதிரே வரும்படி நில்லுங்கள், அப்போதுதான் அதற்கு உடம்பு வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் துணுக்கு கல் மாதிரி வந்து அடிக்கும்.

இனி கொஞ்சம் கனமான விஷயம். எபிஸுவில் ஒரு பையனோடு பழக்கம். பையன் என்ன, அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எஸ்13 சில்வியா வைத்திருந்தார், பெயின்ட் நாலு நிறத்தில் இருக்கும். சம்பளத்தில் பாதி டயருக்குப் போகும், மீதியில் நூடுல்ஸ் சாப்பிடுவார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நயமாக வண்டியைப் படுக்க வைத்தவர் அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர்தான். ஒருநாள் அவர் என்னிடம், "அண்ணா, இந்த வாரம் ராத்திரி மலைக்குப் போறோம். சர்க்யூட் படம் எல்லாரும் எடுக்கறாங்க. மலையில வந்து எடுங்க, அதுதான் நிஜம்" என்றார்.

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஜப்பானில் மலைப்பாதை என்றால் சும்மா இல்லை. நிக்கோ பக்கத்தில் இரோஹா-ஸாகா என்று ஒரு பாதை, ஏறவும் இறங்கவும் தனித்தனி ஒருவழிச் சாலை, மொத்தம் 48 வளைவு. பழைய ஜப்பானிய அரிச்சுவடியின் எழுத்துகள் 48 என்பதால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு எழுத்துப் பலகை நட்டிருப்பார்கள். நம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, நமக்கு எழுத்து 247, ஆகவே இந்தக் கணக்கு நமக்குச் சரிப்படாது. அப்படிப்பட்ட பாதையில் நடுராத்திரி, ஹெட்லைட் வெளிச்சத்தில், பனிமூட்டத்தில் ஒரு கார் குறுக்கே வருவதைப் படம் எடுக்க எந்தப் போட்டோகிராபருக்கும் கை துறுதுறுக்கும்.

நான் போகவில்லை. அவரிடம் காரணமும் சொன்னேன். பொதுச்சாலையில் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒன்று. எதிரே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ் வரலாம், தோட்டத்துக்குப் போகிற பெரியவர் வரலாம், அவர்களுக்கு இந்த விளையாட்டில் சேர விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சர்க்யூட்டில் நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்: வேலிக்கு இந்தப் பக்கம் கேமராவைத் தூக்கினால் போதும், அந்தச் சுற்றில் ஓட்டுநர் இன்னும் ஒரு முழம் சுவரை ஒட்டி வருவார். கேமரா வேடிக்கை மட்டும் பார்ப்பதில்லை, தூண்டிவிடவும் செய்கிறது. சர்க்யூட்டில் ஒரு முழம் தப்பினால் பம்பர் போகும். மலையில் ஒரு முழம் தப்பினால் கீழே போவார். அந்த ஒரு முழத்துக்கு நான் காரணமாக இருக்க முடியாது என்றேன்.

அவருக்குக் கோபம். "நீங்க எங்களை வேடிக்கை பார்க்க வந்தவர்தானே" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் சரியாகப் பேசவில்லை. மத்ஸுரியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் அவர் வண்டியைப் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. பிரிண்ட் போட்டு, அவர் வண்டியின் வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு வருவேன். அவரும் கிழித்துப் போடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மலைக்குப் போவதை அவர் எப்போது விட்டார், ஏன் விட்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. மறுபடி பேச ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாற்றம் வந்தது. அமெரிக்காவில் ஒரு சட்டம்: 25 வருடம் ஆன வெளிநாட்டுக் காரை, அங்கத்திய பாதுகாப்பு விதிகளைப் பார்க்காமல் இறக்குமதி செய்யலாம். எஸ்13-க்கு அந்தக் கெடு 2013-இல் நிரம்ப ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் டீக்காசுக்கு வாங்கி, அடித்து ஓட்டின வண்டிகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்க ஆரம்பித்தார்கள். விலை ஏறிற்று. ஓட்டுகிறவன் கைக்கு எட்டாமல் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பதினைந்து வயதில் படத்தில் பார்த்த காரை நாற்பது வயதில் வாங்குகிற அமெரிக்கரின் ஆசையும் நியாயமானதுதான். ஆனால் வண்டி புகை கக்குவதை நிறுத்திவிட்டு, கண்ணாடி போல் துடைக்கப்பட்டு கொட்டகையில் போர்வைக்குள் நிற்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும்.

நம் மெக்கானிக்கும் 2018-இல் விற்றார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், வீடு மாற வேண்டும். வாங்கினவர் வண்டியைக் கப்பலேற்றினார். அடுத்த வாரம் அவர் என்னைத் தேடி வந்து, "அண்ணா, என் வண்டி போட்டோ உங்ககிட்ட எத்தனை இருக்கு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். பத்து வருடத்தில் அறுநூறுக்கு மேல் எடுத்திருக்கிறேன். தேறினது பதினொன்று. அந்தப் பதினொன்றையும் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். ஒரு படத்தைக் காட்டி, "இது மூணாவது கியர். நாலுல வந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். அந்தப் படங்கள் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், மகளின் பள்ளிக்கூடப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நான் ஊர் திரும்பிய பிறகும் சேதி வந்துகொண்டிருக்கும். 2021 பிப்ரவரி 13 ராத்திரி ஃபுகுஷிமா பக்கம் நிலநடுக்கம். எபிஸுவில் மலைச்சரிவு இடிந்து ஓடுதளத்தின் மேலேயே மண் வந்து விழுந்தது. நான் எத்தனையோ தடவை காலூன்றி நின்ற பக்கம் அது. படத்தைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் அங்கே இன்னொரு தளத்தில் டி1 போட்டி நடந்தது. 2022 மார்ச்சில் தகாஹாஷி காலமானார், 82 வயது. அதே காலகட்டத்தில் டொயோட்டா நிறுவனம், எப்போதோ நிறுத்திவிட்ட ஹாச்சிரோகுவின் சில உதிரிபாகங்களைத் திரும்பச் செய்து விற்க ஆரம்பித்தது. உதிரிபாகக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், நிறுத்தின பாகத்தைத் திரும்ப ஆரம்பிப்பது சாதாரண வேலை இல்லை. பழைய அச்சு இருக்காது, வரைபடம் காகிதத்தில் இருக்கும், செய்தவர் ரிட்டயர் ஆகியிருப்பார். மெக்கானிக்கல் மாணவர்கள் இதை யோசித்துப் பாருங்கள், பழைய வண்டிகளுக்குப் பாகம் செய்து தருவது இனி ஒரு நல்ல தொழில்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

நான் எடுத்த படங்களில் நாற்பதை வெளியே தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறார்கள். நம்பர் பிளேட்டுகளை மறைத்திருக்கிறேன், அது நான் கொடுத்த வாக்கு. மெக்கானிக்கின் பதினொன்றில் மூன்று அவர் அனுமதியோடு அங்கே இருக்கின்றன. நாலு நிறத்தில் ஒரு சில்வியா தெரிந்தால் அதுதான். கேமரா பற்றிக் கேட்க விரும்பும் மாணவர்கள் டீ நேரத்தில் வாருங்கள், அங்கேதான் நிற்பேன். டிஃபரென்ஷியல் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் நம் பேராசிரியர்களைக் கேளுங்கள், எனக்குச் சொல்லித் தந்ததே அவர்கள்தான்.